கொழுந்து மூடிய டிஷ்

ஞானதாசனைப் பெரிய தேன்காரர் என்று சொல்லிவிட முடியாது. மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் அவரைவிடக் கூடுதல் பெட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. அவரைவிடக் குறைவாகக் கொட்டு வாங்குகிறவர்களும் உண்டு. அவரைப் பற்றிச் சொல்லும்படியாக இருந்தது ஒன்றுதான்: காத்திருப்பதை அவர் ஒரு வேலையாக நினைத்தார். காலையில் பெட்டிகளுக்கு நடுவே நடப்பார். ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் உள்ளங்கையை ஒரு நொடி வைத்து எடுப்பார். திறக்க மாட்டார். பிறகு ஓரமாக நின்றுகொள்வார். தோட்டத்துக்கு ரப்பர்ப் பால் வெட்ட வருகிறவர்கள் யாராவது "சும்மா நிக்கியளா?" என்று கேட்டால், "இல்ல, வேல செய்யுகேன்" என்பார். கேட்டவர் சிரிப்பார். அவர் சிரிக்க மாட்டார்.

தை பிறந்ததும் அவரும் மனைவி ராஜபாயும் வீட்டைப் பூட்டிவிட்டு டெம்போவில் ஏறுவார்கள். குலசேகரத்துக்கு மேலே, மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டங்களில் அப்போது இலை உதிர்ந்து முடிந்திருக்கும். சாம்பல் நிறக் கொம்புகள் மட்டும் வெறுமனே நிற்கும். தேனீப் பெட்டிகளை மரங்களுக்கு இடையில் இறக்கி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் கொம்பு நுனியில் செம்பு நிறத்தில் கொழுந்து எட்டிப் பார்க்கும். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை. கொழுந்து இலை காம்போடு சேரும் இடத்தில் ஒரு துளி இனிப்பு ஊறும். ஈக்கள் அதைத்தான் எடுக்கும். இலை முற்றியதும் இனிப்பு நின்றுவிடும். அதற்குள் தேனடைகளை எந்திரத்தில் போட்டுச் சுற்றிச் சுற்றித் தேன் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் இடம் போதாத ஈக்கள் பெட்டியை விட்டுப் பிரிந்து போகும். கல்யாணம், சாவு, கோவில் பெருநாள் எதுவானாலும் அந்த நாட்களில் அவர்கள் மலையை விட்டு ஊருக்குத் திரும்பியதில்லை. பின்பக்கம் கதவு வைத்த அந்தப் பழைய டெம்போதான் அதுவரை வீடு.

வருடாவருடம் இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீட்டில் பிள்ளையை விட முடியாது என்பதால்தான் ஒரே மகள் அபினாவை முட்டத்துக்குப் பக்கத்தில் விடுதி உள்ள பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்தார்கள். மலையோரத்துப் பிள்ளை கடலோரத்தில் வளர்ந்தது. அங்கே சாயங்காலமானால் மணலில் கால்பந்து விளையாட்டு. புதிதாக வந்தவளுக்கு எந்த இடம் மிச்சமோ அதைக் கொடுத்தார்கள்: கோல் காக்கிற இடம். கோலி என்பார்கள். மணலில் விழுந்து எழும்பிப் பழகியவள் பிறகு மாவட்டத்துக்குக் கோலியானாள், மாநிலத்துக்கும் ஆனாள். ஞானதாசன் அவள் விளையாடி ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. பெரிய போட்டிகள் எல்லாம் கொழுந்து விடும் காலத்தில்தான் வந்தன. இரண்டுக்கும் பொதுவாக ஏதோ ஒரு காலண்டர் இருப்பதுபோல.

இந்த வருடம் மலைக்குக் கிளம்பும் முன் அவள் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, முட்டுல கிழிஞ்ச ஜவ்வு செரியா சேரல்ல. இந்த டோர்ணமென்டோட நிறுத்தணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"வலி உண்டா மக்ளே?"

"வலியெல்லாம் இல்ல. ஃபைனல் வந்தா டிவில போடுவாங்க. நீங்க பாக்கணும்."

பக்கத்தில் நின்ற ராஜபாய் போனை வாங்கினாள். "ஏட்டி, மலைல டவர் கிடையாதுன்னு ஒனக்குத் தெரியாதா? எறங்கி வந்த பொறவு போன்ல பாத்துக்கிடலாம்."

"பொறவு பாக்கது வேற அம்ம. நான் அங்க நிக்கும்போ நீங்க பாக்கணும்."

அவள் அழுத்திச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாள். ஆனால் 'நான் நிக்கும்போ' என்ற சொல் ஞானதாசனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மகள் இத்தனை வருடம் எங்கெங்கோ நின்றிருக்கிறாள். அவள் நின்ற ஒவ்வொரு பொழுதும் அவரும் எங்கேயோ நின்றிருக்கிறார். இரண்டு நிற்றலும் ஒரே நேரத்தில் நடந்தவை என்று இப்போதுதான் தோன்றியது. இது கடைசி. இனி அவள் நிற்கப் போவதில்லை.

டெம்போவின் மேல் டிஷ் வைக்கலாம் என்று சொன்னவன் சிஜின். வீடுகளுக்கு டிஷ் மாட்டிக் கொடுக்கிறவன். அதற்கு முன்பு கத்தாரில் இருந்தவன். பெட்டிகளை இறக்கி வைத்த மறுநாளே பைக்கில் சாமான்களைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டான்.

"அண்ணே, குளிர் காலம் ஆனா அரபி வண்டியை எடுத்துட்டு மணலுக்குள்ள போயி கூடாரம் அடிச்சுக் கெடப்பான். அவனுக்கு அங்கயும் டிவி வேணும். எத்தன வண்டிக்கு மேல டிஷ் வெச்சுக் கொடுத்திருக்கேன் தெரியுமா? ஒங்க டெம்போ எனக்கு ஒரு காரியமே இல்ல."

"அரபிக்க வண்டில ஏசி இருக்கும்டே. இதுல வைப்பரே இல்ல" என்றாள் ராஜபாய்.

"டிஷ்ஷுக்கு வைப்பர் வேண்டாம் அக்கா."

கூரைத் தகடு மெலிதாக இருந்தது. நேராக அதில் போல்ட் போட்டால் ஒரு குழியில் வண்டி விழுந்ததும் பிய்த்துக்கொண்டு வரும் என்றான். கூரையின் இரண்டு ஓரத்துச் சட்டங்களுக்கும் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையை வைத்து இறுக்கி, அதன் நடுவில் குட்டையான குழாயை நிறுத்தினான். துளை போட்ட இடங்களில் சைக்கிள் டியூபை வெட்டி வாசர் செய்து வைத்தான், மழை இறங்காமல் இருக்க. கேபிளைப் பின்கதவின் ஓரத்து ரப்பர் வழியாக உள்ளே விட்டான். உள்ளே, தேன் கேன்களுக்குப் பக்கத்துப் பலகையில், வண்டி பேட்டரியிலேயே ஓடும் சின்ன டிவி. குழாயில் டிஷ் ஏறியதும் டெம்போ தொப்பி போட்டதுபோல இருந்தது.

"வண்டிக்க மூக்கு நேர் கெழக்க பாத்து நிக்கணும். டிஷ் இந்த செவப்புக் கோட்டுல நிக்கணும்" என்று பெயின்டால் குழாயில் அடையாளம் இட்டான். "வடக்க டில்லில உள்ளவன் டிஷ்ஷ சரிச்சு வைக்கணும். நம்ம ஊருல சாட்டிலைட் ஏகதேசம் தலைக்கு மேல ஆக்கும். அதனால இங்க டிஷ் மேல பாத்தாப் போரும். மேல மட்டும் ஒரு தடையும் வரப்பிடாது."

"மேல என்ன தடை வரும்?" என்று கேட்டார் ஞானதாசன்.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வெறும் கொம்புகள். அவற்றுக்கு அப்பால் ஒரு சுருக்கமும் இல்லாத நீலம். மேலே ஒன்றுமில்லை என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை.

படம் வந்தது. யாரோ ஒருவர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். ராஜபாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"இது இப்ப நடக்குகதா?" என்று ஞானதாசன் கேட்டார்.

"இப்பத்தான் அண்ணே. ஆனா கீழேருந்து மேல போயி, மேலேருந்து கீழ வரணும்லா. கண்ணு சிமிட்டுக நேரம் லேட்டாகும்."

அன்று வெகுநேரம் அவர் அதை யோசித்துக்கொண்டிருந்தார். கண் சிமிட்டும் நேரம் என்றால் பெரிதில்லை. எதிரே நிற்கும் ராஜபாயைப் பார்ப்பதற்கும் வெளிச்சம் அவளிடமிருந்து கிளம்பி அவரிடம் வந்து சேர வேண்டும். அதற்கும் ஏதோ ஒரு துளி நேரம் ஆகத்தான் செய்யும். அப்படியானால் யாரும் யாரையும் அந்தந்தக் கணத்தில் பார்ப்பதில்லை. சற்று முன்பு இருந்தவரைத்தான் பார்க்கிறார்கள். இதை ராஜபாயிடம் சொன்னபோது அவள், "சற்று முன்ன நான் சோறு போட்டாச்சு. வந்து தின்னுங்க" என்றாள்.

முதல் சில நாள் சாயங்காலங்களில் டிவி பார்த்தார்கள். ஒரு விஷயம் தெரிந்துகொண்டார்கள். டெம்போ சும்மா நிற்கும்போதும் அதன் ஸ்பிரிங் சும்மா நிற்பதில்லை. உள்ளே உட்கார்ந்தவர் எழுந்தாலோ காலை மாற்றிப் போட்டாலோ கூரை கொஞ்சம் சாயும். செய்தி வாசிப்பவரின் முகம் கட்டம் கட்டமாக உடையும். "அனங்காதீங்க" என்று ராஜபாய் அதட்டுவாள். இருவரும் கோவிலில் இருப்பதுபோல அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். தொடரில் எவளோ எவளையோ திட்டிக்கொண்டிருப்பாள்.

பிறகு கொழுந்து வந்தது. ஒரு நாள் காலையில் கொம்புகளின் நுனி எல்லாம் சிவந்திருந்தது. இன்னொரு நாள் தோட்டமே செம்புக் குடம் கழுவி வைத்ததுபோல நின்றது. ஈக்கள் போவதும் வருவதுமாக இரைந்தன. அந்த இரைச்சல் தூக்கத்துக்குள்ளும் கேட்டது. அடைகளை எடுப்பது, சுற்றுவது, வடிப்பது, கேனில் நிறைப்பது என்று நாள் போன வழி தெரியவில்லை. டிவி பக்கம் யாரும் போகவில்லை. வெயிலுக்கு இதமாக நிழல் வந்தது. ராஜபாய் அடுப்பை நிழலுக்கு நகர்த்தினாள். "இந்த வருசம் கொழுந்து கொள்ளாம், என்னா?" என்றாள். "மோசமில்ல" என்றார் அவர். அதற்கு மேல் அவர் எதையும் புகழ்ந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்காக நடந்து ஜங்ஷனுக்கு இறங்கியபோது போனில் டவர் கிடைத்தது. அபினா எங்கோ வடகிழக்கே, பெயர் வாயில் நுழையாத ஊரில் இருந்தாள். "அப்பா, ஃபைனல் வந்தாச்சு! சனிக்கிழம மத்தியானத்துக்கு மேல. டிஷ் வேல செய்யுகா?"

"அரபி நாட்டு டிஷ் ஆக்கும் மக்ளே. செய்யாம இருக்குமா?"

சனிக்கிழமை காலையிலேயே தேன் எடுத்து முடித்தார்கள். ஞானதாசன் ஓடையில் குளித்து, கோவிலுக்குப் போடும் சட்டையைப் போட்டார். ராஜபாயும் சேலை மாற்றினாள். யாருக்காக என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. மேட்ச் தொடங்கக் கொஞ்சம் முன்னால் டிவியைப் போட்டார்கள். கறுப்புத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது.

அவர் கூரையில் ஏறினார். டிஷ் சிவப்புக் கோட்டில்தான் நின்றது. வண்டியின் மூக்கு கிழக்கேதான் பார்த்தது. கேபிள் இறுக்கமாக இருந்தது. பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

வானம் இல்லை. இலைக்கு மேல் இலை, அதற்கு மேல் இலை. காற்று அசைத்தபோது காசளவு வெளிச்சம் அங்கங்கே விழுந்து மறைந்தது.

"என்ன கேடு?" என்று கீழேயிருந்து ராஜபாய் கேட்டாள்.

"எலை."

"என்ன எலை?"

"நம்ம எலைதான்."

தினமும் அந்த இலையைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நிறம் மாறியது தெரியும். எந்த நாளில் துளி ஊறத் தொடங்கியது என்று தெரியும். இன்னும் எத்தனை காலைக்கு அது தேன் தரும் என்றும் ஒருவாறு சொல்வார். அது தலைக்கு மேலே இருக்கிறது என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. எதற்காக ஒன்றைப் பார்க்கிறோமோ அதுவாக மட்டுமே அது கண்ணுக்குத் தெரிகிறது போலும். சிஜின் அறிந்த பாலைவனத்தில் இலை இல்லை. இவர் அறிந்த தோட்டத்தில் வானம் இல்லை. இருவருமாகச் சேர்ந்து இலை இல்லாத ஒரு நாளில் மேலே பார்த்திருக்கிறார்கள்.

"ஜங்ஷனுக்கு விடுங்க. கடைல டிவி இருக்கும்" என்றாள் ராஜபாய்.

"அந்தக் கல்லு ரோட்டுல எறங்கிச் சேரதுக்குள்ள பாதி மேட்ச் முடிஞ்சிரும்." அவர் கூரையிலிருந்து குதித்தார். "மேல கிழட்டு மரத்த எல்லாம் முறிச்சிட்டு புதுத்தை வெச்ச எடம் உண்டுல்லா? அங்க மரம் ஒரு முழந்தான் இருக்கும். ஏறு."

டெம்போ பெட்டிகளுக்கு நடுவிலிருந்து பைய நகர்ந்தது. தேன் மணத்துக்குக் கொஞ்சம் ஈக்களும் கூடவே வந்தன. ஏற்றத்தில் ஒரு தாழ்ந்த கொம்பு கூரையில் உரசும் சத்தம் கேட்டது. ராஜபாய் சிலுவை போட்டுக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை.

மறுநடவு செய்த மேட்டில் ஏறியதும் வானம் மொத்தமாக அங்கே வந்து நின்றது. இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே அன்னாசி நட்டிருந்தார்கள். அவர் மேற்கே சாய்ந்த வெயிலைப் பார்த்து, வண்டியை அதற்கு முதுகு காட்டி நிறுத்தினார். மேலே ஏறிப் பார்த்தபோது, டிஷ்ஷைக் குழாயோடு பிடிக்கும் கிளாம்பு வளைந்து, அதன் நட்டு எங்கோ விழுந்திருந்தது. டிஷ் கழுத்து ஒடிந்த கோழிபோலத் தொங்கியது. அவர் அதை இரண்டு கையாலும் தூக்கிச் சிவப்புக் கோட்டுக்கு நேரே பிடித்தார்.

"வந்தா?"

"இல்ல!"

"இப்போ?"

"கட்டம் கட்டமா வருது. இன்னும் கொஞ்சம். ஐயோ, போச்சு! திருப்புங்க, மத்தப் பக்கம். ஆ! நில்லுங்க, அனங்காதீங்க! வந்தாச்சு!"

"தொடங்கியாச்சா?"

"எல்லாரும் ஓடுகாளுவ."

"நம்ம பிள்ள?"

"எல்லாம் ஒரே போல இருக்கு. ஆருன்னு கண்டேன்?"

"ஏட்டி, கோலிக்கு சட்டை வேற நிறம் ஆக்கும். கடைசில தனியா நிப்பா."

"மஞ்சளா, பச்சையா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் வானத்தையில்லா பாத்துட்டு நிக்கேன்!"

பிறகு ராஜபாயின் குரல் மெதுவாக வந்தது. "இருக்கா. மஞ்சச் சட்டை. மெலிஞ்சு போனா."

ஞானதாசன் டிஷ்ஷைப் பிடித்தபடி நின்றார். அங்கிருந்து பார்த்தால் தோட்டம் முழுவதும் கீழே தெரிந்தது. அவர் இத்தனை வருடம் அடியில் நின்று பார்த்த இலைகளை முதல்முறையாக மேலிருந்து பார்த்தார். செம்பும் பச்சையும் கலந்து, காற்றுக்கு மெல்லப் புரண்டுகொண்டிருந்தது. அதன் மேல் வெயிலில் பொடிப்பொடியாக மின்னிப் பறந்தவை ஈக்களாக இருக்கலாம், அவருடையவையாகவும் இருக்கலாம். தூரத்தில் அணைத் தண்ணீர் ஒரு துண்டு வெள்ளித் தகடாகக் கிடந்தது. கை கடுத்தது. அந்தக் கடுப்பும் எங்கோ தள்ளி, வேறு யாருடைய கையிலோ இருப்பதுபோல இருந்தது. எங்கோ ஒரு மைதானத்தில் மகள் நிற்கிறாள். அவள் மேலே போய், வானத்தின் ஓரத்தைத் தொட்டு, இந்தத் தட்டில் இறங்கி, இந்தக் கைகளுக்கு நடுவே கடந்து, கீழே அவள் அம்மாவின் கண்ணுக்குப் போகிறாள். அவர் வழியாகத்தான் போகிறாள். அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஓடைக்கு மேல் கிடக்கும் பாலத்துக்குத் தண்ணீர் தெரியுமா என்ன?

திடீரென்று ராஜபாய் "ஐயோ என் மாதாவே!" என்று கத்தினாள்.

"என்னட்டி? என்ன ஆச்சு?"

டிவியில் கூட்டம் இரைவது மட்டும் கேட்டது.

"ராஜபாயி!"

"ஒண்ணுமில்ல" என்றாள் அவள். "பந்து வந்து. பிடிச்சிட்டா. நம்ம பிள்ள பிடிச்சிட்டா."

"கொள்ளாம்!" என்று அவரையும் அறியாமல் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் அடிக்கடி கேட்டதில்லை.

பாதி ஆட்டம் முடிந்து விளம்பரம் போட்டதும் ராஜபாய் வெளியே வந்து சேலையைத் தூக்கிச் செருகினாள். "எறங்குங்க. இனி நான் பிடிக்கேன்."

"நீயா? விழுந்து காலு ஒடிஞ்சா?"

"தேன் கேன் தூக்க ஒக்கும். இந்தத் தட்டு தூக்க ஒக்காதோ? எறங்கும் ஓய்!"

கோபம் வரும்போதும் சிரிப்பு வரும்போதும் மட்டும் அவள் அவரை ஓய் என்பாள். இது எது என்று தெரியவில்லை. அவர் இறங்கினார், அவள் ஏறினாள். எடை மாறியதில் வண்டி வேறு விதமாகச் சாய்ந்தது. "இடது, இடது, கொஞ்சம் மேல" என்று கத்திக் கத்திப் படத்தை மீட்டார்கள். அவர் கதவடியில் நின்று பார்த்தார். உள்ளே ஏறி உட்கார்ந்தால் கூரை அசையும்.

திரையின் மூலையில் கணக்கு இருந்தது. எதிர் அணி ஒன்று. மகளின் அணி பூஜ்யம்.

அதை அவர் இரண்டு தடவை படித்தார். வெகுநேரத்துக்குப் பிறகு கூரையிலிருந்து ராஜபாய் கேட்டாள்:

"பாத்தியளா?"

"பாத்தேன்."

"சொன்னா ஒங்களுக்குக் கை தளந்து போவும். படம் போயிரும். அதான்."

"செரி."

"அவ நல்லாத்தான் சாடினா. பந்துதான் நிக்கல்ல."

"செரிட்டி. அனங்காம நில்லு."

அவர் பார்க்கத் தொடங்கினார். ஆனால் பார்ப்பதற்கு அபினா இல்லை. ஒரு கோலைத் திருப்பிப் போட வேண்டும் என்று மகளின் அணி முழுவதும் எதிர்ப்பக்கம் போய் நின்றது. பந்து அங்கே, கேமரா அங்கே. மஞ்சள் சட்டை ஒரு தடவை திரையின் ஓரத்தில் நகம் அளவு தெரிந்து மறைந்தது. அந்தப் பக்கத்துப் பெண்களின் முகங்கள் எல்லாம் பாடமாகிவிட்டன. தன் பிள்ளை மட்டும் படத்துக்கு வெளியே எங்கோ நின்றுகொண்டிருந்தாள். அங்கே நின்று அவள் என்ன செய்கிறாள்? நடக்கிறாளா, உட்கார்ந்திருக்கிறாளா, முழங்காலைத் தடவுகிறாளா?

அப்போதுதான் அவருக்கு ஒன்று விளங்கியது. கோலியைப் படத்தில் பார்க்க வேண்டுமானால் பந்து அவளிடம் வர வேண்டும். பந்து அவளிடம் வருவது அவளுக்கு ஆபத்து. அவள் நன்றாக இருக்கும் நேரமெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிய மாட்டாள். மேலே நின்ற ராஜபாய் "பந்து இங்கிட்டு வரல்லதானே? மாதாவே, வராம இருக்கட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவர் அதற்கு நேர்மாறாக வேண்டிக்கொண்டிருந்தார். வரட்டும், ஒரு தடவை வரட்டும். பிள்ளைக்குக் கேடு வரட்டும் என்று கேட்கும் தகப்பன் உண்டா? ஆனால் பார்க்க விரும்புகிறவன் எல்லாம் அதைத்தானே கேட்கிறான்? வீட்டில் இருந்த நாட்களில் காய்ச்சல் வந்தபோதுதான் அவர் அவள் முகத்தை நாள் முழுவதும் பார்த்திருக்கிறார்.

பந்து வந்தது. எதிர் அணிப் பெண் ஒருத்தி அதைத் தனியே ஓட்டிக்கொண்டு வெட்டவெளியில் வந்தாள். கேமரா அவள் பின்னாலேயே திரும்பியது. திரும்பிய இடத்தில் அபினா இருந்தாள். அவள் கோலை விட்டு முன்னால் வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை, கை இரண்டையும் விரித்து, குனிந்து, பெட்டியைத் திறக்கப் போகிறவள்போல நிதானமாக வந்தாள். அந்தப் பெண் உதைத்த அதே நொடியில் அவள் பக்கவாட்டில் விழுந்தாள்.

"மக்ளே!" என்று ஞானதாசன் கத்திவிட்டார்.

என்னவோ ஏதோ என்று ராஜபாய் கூரை ஓரத்துக்கு வந்து குனிந்தாள். டிஷ் சரிந்தது. படம் நின்றுபோனது.

போகவில்லை, நின்றது. கடைசியாக வந்த படத்தை டிவி அப்படியே பிடித்து வைத்திருந்தது. அபினா புல்லில் ஒருக்களித்துக் கிடந்தாள். பந்து அவள் வயிற்றுக்குள், இரண்டு கைக்குள் இருந்தது. முட்டு மடங்கியிருந்தது. முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. பந்தைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. ஓர் அன்னாசிச் செடியில் ஈ ஒன்று உட்கார்ந்து எழுந்த சத்தம்கூடக் கேட்கும் அமைதியில் அவர் அந்த முகத்தைப் பார்த்தார். கண் சிமிட்டும் நேரம் தாமதமாக வருகிறவள், இப்போது அவருக்காக நின்றாள். அவருக்கு அது போதும் என்றிருந்தது. ராஜபாயைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றும் இருந்தது. "எறங்கி வா, பாரு" என்று வாய் திறப்பதற்குள் திரை கறுத்தது. சிக்னல் இல்லை.

"என்ன ஆச்சு? சொல்லுங்க ஓய்! உள்ள போயிட்டா?"

"இல்ல. பிடிச்சிட்டா."

"செத்தியமா?"

"ஒன்னப் போல இல்ல. செத்தியமா பிடிச்சிட்டா."

திரும்பப் படம் வரும்போது ஆட்டம் முடிந்திருந்தது. மூலையில் கணக்கு மாறவில்லை. ஜெயித்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால், சிறியதாக, அபினா புல்லில் உட்கார்ந்து கையுறையின் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் தேனடை மெழுகை அப்படித்தான் கடித்து இழுப்பாள். அவள் அழவில்லை. யாரோ நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தாள். பிறகு கேமரா கோப்பையைக் காட்டப் போய்விட்டது.

ராஜபாய் கையை உதறிக்கொண்டு இறங்கினாள். திரும்பி வரும் வழியில் அவர் இரண்டாவது பாதியைச் சொன்னார். அவள் முதல் பாதியை, இந்த முறை உள்ளபடியே, சொன்னாள். டெம்போ மறுபடியும் இலைக்குள் நுழைந்தது. பெட்டிகளைப் பார்த்துவிட்டு இருவரும் நடந்தே ஜங்ஷனுக்கு இறங்கினார்கள். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. டவர் கிடைத்ததும் அபினாவே கூப்பிட்டாள்.

"பாத்தியளா அப்பா?"

"பாத்தோம் மக்ளே. பாதி ஒனக்க அம்ம பாத்தா, பாதி நான் பாத்தேன்."

"ஏன், சேந்து பாக்கல்லியா?"

"ஒருத்தர் பிடிக்கணும்லா."

அவளுக்குப் புரியவில்லை. ராஜபாய் போனைப் பிடுங்கி, இலை முதல் கிளாம்பு வரை மூச்சு விடாமல் சொன்னாள். அது முடிந்ததும் அபினா கேட்டாள்:

"அப்பா எந்தப் பாதி பாத்தாரு?"

"ரெண்டாமத்தது."

"நல்லதாப் போச்சு. அந்தக் கோல் பாக்கல்ல."

ஞானதாசன் போனை வாங்கினார். "அந்தக் கோல் எனக்குத் தெரியாது மக்ளே. அந்த நேரம் நீ பந்தப் பிடிச்சிட்டேன்னாக்கும் ஒனக்க அம்ம சொன்னா. நானும் மேல நின்னு கொள்ளாம்னு சொல்லிட்டேன்."

அபினா சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் என்ன என்று கேட்பதும், அவள் சொல்ல முடியாமல் மறுபடி சிரிப்பதும் கேட்டது. அது அடங்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு, அன்று மத்தியானம் முதல் தன்னோடு இருந்த கேள்வியைக் கேட்டார்.

"பந்து வராத நேரம் நீ அங்க நின்னு என்ன செய்வ?"

"என்னத்தச் செய்ய? அங்கிட்டும் இங்கிட்டும் நடப்பேன். எடைக்கிடை கோல் போஸ்ட்ல கைய வெச்சுப் பாப்பேன்."

"எதுக்கு?"

"தெரியல்லப்பா. அது அங்க இருக்கான்னு. தொட்டுக்கிட்டா ஒரு சமாதானம்."

"செரி" என்றார் அவர்.

மறுநாள் காலையில் கொழுந்து கொஞ்சம் முற்றியிருந்தது. இன்னும் சில காலைகள் தேன் வரும். டெம்போவின் கூரையில் டிஷ் சரிந்தபடியே கிடந்தது. சிஜின் வந்து சரிசெய்யட்டும் என்று விட்டிருந்தார். பெட்டிகளுக்கு நடுவே நடந்தார். வழக்கம்போல ஒவ்வொரு மூடியிலும் உள்ளங்கையை வைத்து எடுத்துக்கொண்டே போனார். நடுவில் ஒரு பெட்டியில் வைத்த கையை எடுக்க மறந்து நின்றுவிட்டார். அடியில், பலகைக்குக் கீழே, இரைச்சல் லேசான சூடாக மேலேறி வந்துகொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து ராஜபாய் பார்த்தாள். "சும்மா நிக்கியளா?" என்று கேட்கவில்லை.